ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜானி கிரீன்வுட்?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ரேடியோஹெட் ராக் குழுவின் லீட் கிட்டாரிஸ்ட். பிறந்தது 1971 நவம்பர் 5. கீபோர்டு, வயோலா, செல்லோ என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பார். குழுவின் பாடல்களுக்கு ஸ்டிரிங்ஸ் (வயலின், வயோலா, செல்லோ போன்ற தந்திக் கருவிகளுக்கான இசை) எழுதுவதும் அவர்தான். சினிமா ரசிகர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும்: ‘தேர் வில் பி பிளட்’, ‘ஃபேண்டம் திரெட்’, ‘தி பவர் ஆஃப் தி டாக்’ படங்களின் இசையமைப்பாளர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது தெரியாமலேயே இரண்டையும் ரசிக்கிறவர்கள் உண்டு.

குழுவில் எப்படிச் சேர்ந்தார்?

அண்ணன் காலின் மூலமாக. ஆபிங்டன் பள்ளியில் படித்த பையன்கள் 1985-இல் தொடங்கிய குழு அது. தாம் யார்க் பாட்டு, காலின் கிரீன்வுட் பேஸ், எட் ஓ'பிரையன் கிட்டார், ஃபிலிப் செல்வே டிரம்ஸ். வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை என்பதால் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரையும்விடச் சின்னவரான ஜானி முதலில் மௌத் ஆர்கனோடு உள்ளே நுழைந்து, பிறகு கீபோர்டுக்கு வந்து, கடைசியில்தான் கிட்டாரைப் பிடித்தார்.

கீபோர்டு காலத்தைப் பற்றி அவரே ஒரு பேட்டியில் சொன்ன கதை இது. அவருக்கு முன்பிருந்த கீபோர்டு பையன் ஓயாமல் சத்தமாக வாசித்து மற்றவர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறான். தனக்கும் அந்தக் கதி வந்துவிடக்கூடாது என்று ஜானி ஒலியை அணைத்துவிட்டே மாதக்கணக்கில் வாசித்தாராம். வீட்டுக்குப் போய்த்தான் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) பழகுவது. மற்றவர்களோ அவர் வாசிப்பு பாட்டுக்கு ஏதோ ஒரு அழகைச் சேர்க்கிறது என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள்!

1991-இல் இஎம்ஐ நிறுவனம் ஒப்பந்தம் போட்டபோது ஜானி கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. படிப்பை விட்டார். குழுவின் பெயரும் ரேடியோஹெட் என்று மாறியது.

‘கிரீப்’ பாட்டில் கோரஸுக்கு முன்னால் வரும் அந்த ‘கர்ரக்’ சத்தம் என்ன?

தந்திகளை இடது கையால் அழுத்தி ஊமையாக்கி, வலது கையால் முழு வேகத்தில் ஓங்கி அடிப்பது. அந்த இடத்தை ஹெட்போனில் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். மெல்லிய கிட்டாரும் குரலுமாகப் பாட்டு அடங்கிப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று இரும்புக் கதவில் மோதினாற்போல ஒரு அடி. இடைவெளி. மறுபடி ஒரு அடி. அதற்குப் பிறகுதான் டிஸ்டார்ஷனோடு, அதாவது கிட்டாரின் கரகரத்த இரைச்சலோடு, கோரஸ் வெடிக்கும்.

பாட்டு ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்று ஜானிக்குப் பிடிக்கவில்லை, அதனால் அடித்தார். அவர் பாட்டைக் கெடுக்கப் பார்த்த சத்தம்தான் அது என்று எட் ஓ'பிரையன் சொல்லியிருக்கிறார். 1992-இல் முதலில் வெளிவந்தபோது பெரிதாக எடுபடாத ‘கிரீப்’, அடுத்த ஆண்டு உலகம் முழுக்கப் பரவியதில் அந்த இரண்டு அடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இனிமையாகப் போகும் ஒன்றின் மேல் வேண்டுமென்றே ஒரு கீறல் போடுவது அவருடைய சுபாவம். பின்னாளில் வயலின்களுக்கு எழுதியபோதும் அது அவரை விட்டுப் போகவில்லை.

கிட்டாரிஸ்டாக அவரிடம் என்ன விசேஷம்?

வேகத்தில் அவரை மிஞ்ச ஆட்கள் இருக்கிறார்கள். அவர் விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபெண்டர் டெலிகாஸ்டர் பிளஸ் கிட்டாரில் ஒலியை நொடியில் வெட்டுகிற ஒரு பொத்தானைப் பொருத்திக்கொண்டார். வாமி என்ற கால் பெடலை மிதித்து ஸ்வரத்தை ஒரே இழுப்பில் ஒரு ஸ்தாயி மேலே தூக்குவார். 1995-இல் வந்த ‘தி பெண்ட்ஸ்’ ஆல்பத்தில் ‘ஜஸ்ட்’, ‘மை அயர்ன் லங்’ இரண்டும் இதற்குச் சரியான சாட்சி. மேடையில் ‘பிரமிட் சாங்’ வரும்போது கிட்டாரை வில்லால் வாசிப்பார்.

1997-இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்தபோது கிட்டார் ராக்கை இதற்கு மேல் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி எல்லோருக்கும் வந்தது. ‘பாரனாய்டு ஆண்ட்ராய்டு’ பாட்டில் ஜானியின் சோலோ அழகாகத் தொடங்கிச் சிதறலாக முடியும். அதே ஆல்பத்தில் மெலோட்ரான் (பதிவு செய்த ஒலிகளை நாடாவில் இருந்து வாசிக்கிற கீபோர்டு), கிளாக்கன்ஸ்பீல் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது) எல்லாம் எட்டிப் பார்க்கின்றன. அப்போதே அவர் கண் கிட்டாரைத் தாண்டிப் போய்விட்டது.

‘கிட் ஏ’ ஆல்பத்தில் கிட்டாரை ஏன் கைவிட்டார்கள்?

முழுவதுமாகக் கைவிடவில்லை, ஒதுக்கி வைத்தார்கள். ‘ஓகே கம்ப்யூட்டர்’ வெற்றிக்குப் பிறகு நடந்த நீண்ட சுற்றுப்பயணம் தாம் யார்க்கைச் சோர்வடையச் செய்திருந்தது. பழைய முறையில் பாட்டு எழுத அவருக்கு மனம் வரவில்லை. எலெக்ட்ரானிக் இசை, ஜாஸ் பக்கம் திரும்பினார். ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் கிட்டார்காரர்கள். திடீரென்று கிட்டாருக்கு வேலை இல்லை என்றால் என்ன செய்வது? மற்றவர்கள் திணறினார்கள். ஜானிக்கு அது கதவு திறந்த மாதிரி ஆனது. மாடுலர் சிந்தசைசர் (மின்னணு ஒலிகளை உருவாக்கும் கருவி), ஓந்த் மார்த்தனோ, ஸ்டிரிங்ஸ் என்று அதுவரை மனத்தில் வைத்திருந்ததையெல்லாம் வெளியே எடுத்தார். 2000 அக்டோபரில் ஆல்பம் வந்தபோது ரசிகர்களில் பாதிப் பேர் குழம்பினார்கள். இன்று அது அவர்களின் சிகரம் என்று பலர் சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

ஓந்த் மார்த்தனோ என்பது என்ன கருவி?

பிரெஞ்சுக்காரரான மோரிஸ் மார்த்தனோ உருவாக்கி 1928-இல் பாரிஸில் அரங்கேற்றிய மின்னணு இசைக்கருவி. பார்க்க ஒரு சின்ன கீபோர்டு மாதிரி இருக்கும். கீபோர்டுக்கு முன்னால் ஒரு கம்பி ஓடும். அதில் இருக்கும் மோதிரத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு இடமும் வலமும் இழுத்தால் ஸ்வரம் அறுபடாமல் வழுக்கிக்கொண்டே போகும். இடது கையில் ஒரு பொத்தான். அதை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சத்தம். அழுத்தாவிட்டால் ஒலியே இல்லை. மின்சாரக் கருவியாக இருந்தும் மனிதக் குரல் மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம். கமகம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த வழுக்கல் உடனே பிடித்துப்போகும்.

பள்ளி நாட்களிலேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆலிவியே மெஸ்ஸியானின் ‘டூரங்கலீலா’ சிம்பொனியைக் கேட்டு இந்தக் கருவியில் மயங்கியவர் ஜானி. ‘கிட் ஏ’ ஆல்பத்தின் ‘தி நேஷனல் ஆந்தம்’, ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ இரண்டிலும் அதைக் கேட்கலாம். அநேகமாக மறந்துபோயிருந்த ஒரு கருவியை ராக் ரசிகர்களிடம் கொண்டுவந்து சேர்த்த பெருமை அவருக்குத்தான்.

முறையாக இசை படித்தவரா? ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத எப்படிக் கற்றார்?

பள்ளிக் காலத்தில் இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தார். நோட்ஸ் படிக்கவும் எழுதவும் தெரியும். கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றதால் மற்றதெல்லாம் தானாகத் தேடிக் கற்றதுதான்.

அவர் எழுத்து எங்கே திரும்பியது என்று கேட்டால் ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ பாட்டைத்தான் காட்டுவேன். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் டார்செஸ்டர் அபே என்று ஒரு 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது. ஸ்டிரிங்ஸ் பகுதியை அங்கேதான் பதிவு செய்தார்கள், வாசித்தது ஆர்கெஸ்ட்ரா ஆஃப் செயிண்ட் ஜான்ஸ். ஜானி எழுதியதைப் பார்த்ததும் கலைஞர்கள் சிரித்துவிட்டார்கள் என்று தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச் சொல்லியிருக்கிறார். அதை வாசிக்கவே முடியாது என்று அவர்கள் நினைத்தார்கள். நடத்துநர் ஜான் லப்பக்தான் முயன்று பார்க்கலாம் என்று ஊக்கப்படுத்தினார்.

விளைவைக் கேளுங்கள். தொடக்கத்திலேயே பாட்டின் கார்ட்ஸோடு ஒட்டாத ஒரு ஸ்வரம் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அக்கூஸ்டிக் கிட்டாரும் காலினின் பேஸும் அதைப் பொருட்படுத்தாமல் சுழலும். ஐந்தாவது நிமிடத்தையொட்டி ஸ்டிரிங்ஸ் மொத்தமும் ஸ்ருதி கலைந்து சரியும். ஒரு கணம் பாட்டே உடைந்துவிட்டதோ என்று தோன்றும். பிறகு மெல்லத் திரும்பி வந்து சேரும். வழக்கமான பாப் பாட்டில் ஸ்டிரிங்ஸ் வருவது பாடகரின் உணர்ச்சிக்குத் துணை நிற்க. இங்கே பாடுகிறவன் காணாமல் போக விரும்புகிறான், அவனைக் கரைக்கிற வேலையை ஸ்டிரிங்ஸ் செய்கிறது.

ராக்கிலிருந்து கிளாசிக்கலுக்குத் தாவியவர் என்று ஜானியைப் பற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெஸ்ஸியானும் வயோலாவும் முதலிலேயே இருந்தன. ஊமையாக்கிய தந்தியில் விழுந்த அடியும், ஸ்ருதி கலைந்து சரிகிற வயலின்களும் ஒரே தேடலில் கிடைத்தவை. இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலும் ஸ்வரத்துக்கு வெளியிலும் என்ன சத்தம் இருக்கிறது என்பதுதான் அந்தத் தேடல்.

பெண்டெரெட்ஸ்கி பெயர் அடிக்கடி அடிபடுகிறதே?

கிரிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி போலந்தின் பெரிய இசையமைப்பாளர். ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்காக அவர் அமைத்த ‘த்ரெனடி’ 52 ஸ்டிரிங்ஸ் கருவிகளுக்கானது. கருவிகள் அலறும், தேயும், ஒன்றோடொன்று நெருங்கி இரையும். ஜானி பிபிசி கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதி 2005-இல் அரங்கேறிய ‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ அந்த இசைக்கும் வானொலி இரைச்சலுக்கும் பிறந்த பிள்ளை. அதில் 34 ஸ்டிரிங்ஸ் கலைஞர்களுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களைப் பிடிக்கும்போது வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வருகிற இரைச்சல் மாதிரியே ஒன்று உருவாகும். கம்ப்யூட்டரில் நொடியில் செய்துவிடலாம்தான். ஆனால் 34 மனிதர்களின் கை நடுக்கமும் மூச்சும் அதில் வராது.

2011-இல் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் இருவரின் இசையும் ஒரே மேடையில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு இருவர் பெயரிலும் ஒரே ஆல்பம் வந்தது. தான் வணங்கியவரோடு இப்படி நிற்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் கதை இன்னொரு பக்கம். தன்னுடைய ‘எலெக்ட்ரிக் கவுண்டர்பாயிண்ட்’ படைப்பை ஜானி வாசிக்கக் கேட்ட பிறகு அவர் ரேடியோஹெட் பாடல்களைத் தேடிக் கேட்டார். அவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டு ‘ரேடியோ ரீரைட்’ என்ற படைப்பை எழுதினார்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்? ஆஸ்கர் ஏன் நழுவியது?

முதல் படம் 2003-இல் வந்த ‘பாடிசாங்’ என்ற ஆவணப்படம். பிறகு இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் அழைத்தார். 2007-இல் ‘தேர் வில் பி பிளட்’. படம் தொடங்கும்போது திரையில் வறண்ட மலைகள் மட்டும். ஸ்டிரிங்ஸ் ஒரு திரளாக எழுந்து வழுக்கி ஒரே ஸ்வரத்தில் போய்க் குவியும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். பின்னணி இசை என்றால் காட்சி சொல்வதையே திருப்பிச் சொல்வது என்ற பழக்கத்துக்கு எதிரான வேலை அது.

அந்த இசை ஆஸ்கர் போட்டியில் சேர்க்கப்படவில்லை. ‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ பகுதிகள் படத்தில் இருந்ததால், படத்துக்கென்றே எழுதிய இசை அல்ல என்று விதியைக் காட்டி விலக்கினார்கள். பெர்லின் திரைப்பட விழா அதே இசைக்கு வெள்ளிக் கரடி கொடுத்தது. ‘ஃபேண்டம் திரெட்’, ‘தி பவர் ஆஃப் தி டாக்’ இரண்டுக்கும் பின்னர் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

ஒரு படத்தின் பாணி அடுத்த படத்தில் இருக்காது. ‘ஃபேண்டம் திரெட்’ பியானோவும் பெரிய ஆர்கெஸ்ட்ராவுமாகக் காதல் வழியும் இசை. ‘ஸ்பென்சர்’ படத்தில் அரண்மனைக்குரிய பரோக் இசை (பழைய ஐரோப்பிய செவ்வியல் பாணி) மெல்ல மெல்ல கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஜாஸாகக் குலையும். ‘தி பவர் ஆஃப் தி டாக்’ கொரோனா காலத்து வேலை. பெரிய குழுவைக் கூட்ட வழியில்லாததால் செல்லோவைத் தானே எடுத்து பாஞ்சோ மாதிரி விரலால் மீட்டிப் பதிவு செய்தார். கௌபாய் படத்தில் பாஞ்சோ எதிர்பார்த்த காதுக்கு ஏதோ தப்பாக இருக்கிறதே என்று உறுத்தும். கதையின் நாயகனிடமும் அதே உறுத்தல் உண்டு. அவர் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆண்டர்சனின் ‘ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்’ (2025) வரை இந்தக் கூட்டணி தொடர்கிறது.

கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார்?

ஒலியை உருவாக்கவும் மாற்றவும் உதவுகிற மேக்ஸ் என்ற மென்பொருளில் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்வார். கடையில் வாங்கிய பெடல் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள், அது அவருக்கு ஒத்துவராது. ‘கோ டு ஸ்லீப்’ பாட்டின் கடைசியில் கிட்டார் துண்டு துண்டாகச் சிதறுவது இப்படி வந்ததுதான். 2011-இல் வந்த ‘தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்’ ஆல்பத்துக்கான லூப்களையும் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டுகள்) அவர் எழுதிய நிரலில்தான் செய்தார்கள்.

சுவாரசியம் என்னவென்றால், இதற்கு நேர் எதிர்த் திசையிலும் போகிறார். 2019-இல் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் அரங்கேறிய ‘ஹாரர் வகூய்’ ஒரு வயலினுக்கும் 68 ஸ்டிரிங்ஸ் கருவிகளுக்கும் எழுதியது. எதிரொலி மாதிரியான எலெக்ட்ரானிக் விளைவுகளை அங்கே மனிதர்கள் கையால் வாசித்தார்கள்.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

2014-இல் ஆஸ்திரேலியன் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ‘வாட்டர்’ படைப்பில் தம்புராவைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு நேராக ராஜஸ்தானுக்கே வந்துவிட்டார்.

ஷாய் பென் ட்ஸூர் என்ற இஸ்ரேலிய இசைக் கலைஞர் பல ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்து கவாலி பாணியில் எழுதுகிறவர். அவருடைய பாடல்களை ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டையில் ஒரு ஸ்டூடியோ அமைத்துப் பதிவு செய்தார்கள். கவாலி பாடகர்கள், ராஜஸ்தானின் நாட்டுப்புற இசை மரபைச் சேர்ந்த மாங்கணியார் கலைஞர்கள், கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற மாதிரியான பேண்டு வாத்தியக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ‘தி ராஜஸ்தான் எக்ஸ்பிரஸ்’ என்ற குழு ஆனார்கள். 2015-இல் ‘ஜுனூன்’ என்ற பெயரில் ஆல்பம் வந்தது. அந்தப் பதிவை ஆண்டர்சன் அதே பெயரில் ஒரு ஆவணப்படமாக எடுத்தார். மின்வெட்டு வரும், கூடத்துக்குள் புறா நுழையும், வேலை தன் பாட்டுக்கு நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ஜானி ஒதுங்கி இருக்கும் விதம். மேற்கத்திய நட்சத்திரம் வந்து சித்தாரை ஒரு அலங்காரமாக ஒட்டிவிட்டுப் போகிற கதை இல்லை. பேஸ், கீபோர்டு, கிட்டார், தாள இயந்திரம் என்று பின்னால் இருந்துகொண்டு வாசிக்கிறார். முன்னால் கேட்பது டிரம்பெட்டும் டோலக்கும் குரல்களும்தான்.

இஸ்ரேல் தொடர்பான சர்ச்சை என்ன?

அவர் மனைவி இஸ்ரேலிய ஓவியர். இஸ்ரேலிய ராக் கலைஞர் டுடு டாஸாவோடு சேர்ந்து ஜானி 2023-இல் ‘ஜராக் கரீபக்’ என்ற ஆல்பம் செய்தார். பல அரபு நாடுகளின் பழைய காதல் பாடல்களை அப்பகுதியின் பாடகர்கள் அரபியில் பாடியிருக்கிறார்கள். 2017-இல் ரேடியோஹெட் டெல் அவிவில் வாசித்ததையும், காஸா போருக்கு நடுவே 2024-இல் ஜானி அங்கே டாஸாவோடு வாசித்ததையும் இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்தினர் கடுமையாக எதிர்த்தார்கள். 2025-இல் பிரிட்டனில் இருவரும் நடத்தவிருந்த நிகழ்ச்சிகள், அரங்குகளுக்கு மிரட்டல் வந்ததால் ரத்தாயின. இது கலைஞர்களின் வாயை அடைப்பது என்றார் ஜானி. புறக்கணிப்பு இயக்கம் ரத்தானதை வரவேற்றது. அவர் இசையை நேசிக்கிற பலருக்கே இந்த விஷயத்தில் அவரோடு உடன்பாடு இல்லை. அதையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

‘தி ஸ்மைல்’ என்பது அவருடைய புதுக் குழுவா? ரேடியோஹெட் கலைந்துவிட்டதா?

கலையவில்லை. 2016-இல் வந்த ‘எ மூன் ஷேப்டு பூல்’ ஆல்பத்துக்குப் பிறகு புதிய ஸ்டூடியோ ஆல்பம் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆல்பத்தின் ‘பர்ன் தி விட்ச்’ பாட்டை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். லண்டன் கண்டெம்பரரி ஆர்கெஸ்ட்ராவினர் வில்லுக்குப் பதில் கிட்டார் மீட்டும் பிளெக்ட்ரம் துண்டால் தந்திகளை அடித்து வாசித்தது அது. நடுவே சில ஆண்டுகள் மேடையே ஏறாமலிருந்த ரேடியோஹெட், 2025 கடைசியில் ஐரோப்பாவின் ஐந்து நகரங்களில் நிகழ்ச்சி நடத்தியது.

தி ஸ்மைல் கொரோனா காலத்தில் பிறந்தது. தாம் யார்க், ஜானி, ஜாஸ் டிரம்மர் டாம் ஸ்கின்னர் என்று மூன்றே பேர். 2021-இல் அறிமுகம், 2022-இல் முதல் ஆல்பம், 2024-இல் மட்டும் இரண்டு ஆல்பங்கள். ரேடியோஹெட்டில் ஒரு ஆல்பத்துக்கு நான்கைந்து வருடம் காத்திருந்த ரசிகர்களுக்கு இந்த வேகம் ஆச்சரியம். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், அவர் கைக்கு மறுபடி கிட்டார் வந்தது. டிலே பெடலின் எதிரொலியையே தாளமாக வைத்துப் பின்னுகிற வேகமான ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டுகள்), ஒற்றைப்படைத் தாளங்கள் எல்லாம் வருகின்றன. எட்டு நிமிடம் ஓடும் ‘பெண்டிங் ஹெக்டிக்’ பாட்டில் அவர் வாழ்க்கை மொத்தமும் வரிசையாக வருகிறது. முதலில் தந்தியை வளைத்து வளைத்து ஸ்ருதி நழுவும் தனிக் கிட்டார். பிறகு மேலே ஏறிக்கொண்டே போகும் ஸ்டிரிங்ஸ். அந்த ஏற்றத்தின் உச்சியில் ‘கிரீப்’ காலத்து டிஸ்டார்ஷன் வந்து விழும்.

புதிதாகக் கேட்கிறவர்கள் எதில் தொடங்கலாம்?

ராக் பழக்கம் இருந்தால் ‘தி பெண்ட்ஸ்’, அப்புறம் ‘இன் ரெயின்போஸ்’. பின்னதை 2007-இல் விருப்பப்பட்ட விலை கொடுத்து இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். ரேடியோஹெட்டில் எளிதாக மனத்தில் ஒட்டுவது அதுதான். மெல்லிசைப் பிரியர்கள் ‘ஃபேண்டம் திரெட்’ இசையைக் கேட்கட்டும். கவாலி பிடிக்கும் என்றால் தயங்காமல் ‘ஜுனூன்’.

‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ படைப்பை மட்டும் முதலில் எடுக்க வேண்டாம். ‘தேர் வில் பி பிளட்’ படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், காது பழகியிருக்கும். போன் ஸ்பீக்கரில் எதையும் கேட்காதீர்கள். அவர் எழுதும் ஸ்டிரிங்ஸ் பல இடங்களில் மிகத் தாழ்ந்த ஒலியில் தொடங்கும், சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும்.